என் தொண்டையில் பாடம் படித்த டாக்டர்

"வாயை நல்லாத் திறங்க. நாக்கை முழுசா நீட்டுங்க. சத்தம் மட்டும் போடாதீங்க."

தினமும் காலையில் நான்கு மணி நேரம் சத்தம் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். என்னிடம் ஒருவர் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சொன்னவர் ஓர் இளம் டாக்டர். மலாய்க்காரப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவராக இருப்பார். கையில் இருந்த சிறிய விளக்கால் என் வாய்க்குள் பார்த்தார். கழுத்தை அண்ணாந்து காட்டச் சொன்னார். ஆடுகிற பல் உண்டா, கட்டின பல் உண்டா, குறட்டை விடுவீர்களா என்று கேட்டு, பாரத்தில் ஒரு '2' எழுதினார்.

எனக்குப் பித்தப்பையில் கல். இரண்டு முறை நள்ளிரவில் வலி வந்து, அவசரப் பிரிவு வாசலில் குனிந்தபடி உட்கார்ந்த பிறகுதான் அறுவைக்குச் சம்மதித்தேன். வயிற்றில் நாலு சின்னத் துளை, ஒரு நாள் படுக்கை, அவ்வளவுதான் என்றார்கள். அறுவைக்கு இரண்டு வாரத்துக்கு முன் மயக்க மருந்துப் பிரிவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஏதோ கையெழுத்துப் போடத்தான் என்று நினைத்துப் போனேன்.

"முழு மயக்கம் கொடுப்போம். அப்போ நீங்களா மூச்சு விட முடியாது. அதனால வாய் வழியா ஒரு குழாயை மூச்சுக்குழாய்க்குள்ள வைப்போம்," என்றார் டாக்டர்.

"எது வழியாக?"

"குரல் நாண்களுக்கு நடுவுல."

என் கை தானாகத் தொண்டைக்குப் போனது. பித்தப்பை போனால் போகட்டும். அது இல்லாமல் எத்தனையோ பேர் நன்றாகச் சாப்பிட்டு நடமாடுகிறார்கள். இந்த இரண்டு நாண்கள்தான் என் வீட்டுக் கடனையும் கார் கடனையும் கட்டுகின்றன.

"யார் போடுவாங்க?" என்று கேட்டேன்.

அவர் தயங்கவில்லை. "அநேகமா நான்தான். நான் நிபுணர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. நிபுணர் பக்கத்திலேயே நிற்பார். அவரே போடணும்னு நீங்க விரும்பினா சொல்லலாம். எழுதி வைக்கிறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

அம்மாவின் தீர்ப்பு

வீட்டில் சொன்னதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "படிக்கிற பிள்ளை உன் தொண்டையிலயா பழகணும்? வேற தொண்டை கிடைக்கலையா? பெரிய டாக்டர்தான் போடணும்னு சொல்லிடு."

என் மனத்திலும் அதேதான் ஓடியது. ஆனாலும் ஓர் உறுத்தல். எங்கள் குடும்பத்திலேயே ஒரு 'படிக்கிற பிள்ளை' இருக்கிறான். சித்தி மகன். வேறொரு மருத்துவமனையில் மயக்க மருந்துத் துறையில் மூன்றாம் ஆண்டுப் பயிற்சி. போன தீபாவளிக்கு அவனை நடுவில் உட்கார வைத்து, "எங்க வீட்டு டாக்டர்" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசியவர் இதே அம்மாதான். அவன் யார் தொண்டையில் பழகினான் என்று அன்றைக்கு எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனைத் தோசைக்குக் கூப்பிட்டேன். பசியாறி முடிந்ததும் சாப்பாட்டு மேசையிலேயே வகுப்பு ஆரம்பமானது. ஒரு சூப் கரண்டி, ஒரு வளைகிற ஸ்ட்ரா, என் கைப்பேசி. அவ்வளவுதான் உபகரணம்.

"அக்கா, தொண்டைக்குள்ள ரெண்டு வழி. முன்னால மூச்சுக்குழாய், பின்னால உணவுக்குழாய். நாங்க போக வேண்டியது முன்னால. ஆனா அந்த வாசலை ஒரு மூடி மறைச்சுக்கிட்டு இருக்கும். அதுக்கு மேல நாக்கு வேற. வாயிலிருந்து அங்க போற பாதை நேரா இருக்காது, முழங்கை மாதிரி வளைஞ்சிருக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாசலை எப்படிப் பார்க்கிறதுங்கிறதுதான் எங்க தொழில்ல பாதிப் பிரச்சினை."

அந்த வாசலை உயிருள்ள மனிதரில் கண்ணால் பார்த்து உலகுக்குச் சொன்னவர் ஒரு டாக்டர் இல்லை என்று அவன் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் பாட்டு வாத்தியாராம். பெயர் மனுவேல் கார்சியா. 1854-ல் பாரிஸில் இருந்தபோது, பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, வெயிலை இன்னொரு கண்ணாடியால் உள்ளே திருப்பி, தன் சொந்தக் குரல் நாண்கள் அசைவதைப் பார்த்திருக்கிறார். குரல் எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை. அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியில் அந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டது. குரலை நம்பிப் பிழைத்த ஒருவர் ஆரம்பித்து வைத்த வேலை என்றதும், எனக்கு அந்தக் குழாயின் மீதிருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

கரண்டியும் கேமராவும்

சூப் கரண்டியை இடது கையில் பிடித்துக்கொண்டான். "இது பழைய முறை. லாரிங்கோஸ்கோப். நுனியில விளக்கு இருக்கிற வளைஞ்ச தகடு. நியூசிலாந்தில் பிறந்த ராபர்ட் மெக்கின்டாஷ் 1943-ல் வடிவமைச்சது. ஆக்ஸ்போர்டில் பேராசிரியரா இருந்தவர். இன்னைக்கும் உலகம் முழுக்க அவர் பேர்லதான் அந்தத் தகடு."

வாயின் வலது ஓரமாக நுழைந்து, நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, தகட்டின் நுனியை நாக்கின் அடிக்கும் மூடிக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் வைக்க வேண்டும். பிறகு கைப்பிடியை முன்னும் மேலுமாகத் தூக்க வேண்டும். மூடி எழும்பும், வாசல் தெரியும். நெம்புகோல் மாதிரி பின்னால் சாய்த்தால் மேல் பல் உடையும். புதிதாகப் படிப்பவர்கள் எல்லாரும் முதலில் செய்யும் தப்பு இந்தச் சாய்ப்புதானாம்.

"இதில் கண்ணுக்கும் வாசலுக்கும் நேர்கோடு கிடைச்சாத்தான் தெரியும். சில பேருக்கு எவ்வளவு தூக்கினாலும் அந்தக் கோடு கிடைக்காது. முகவாய் சின்னது, கழுத்து நிமிராது, பல் எடுப்பா இருக்கும். சிலருக்கு வெளியிலிருந்து பார்த்தா ஒரு காரணமும் தெரியாது."

பிறகு என் கைப்பேசியை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தான். "இது புது முறை. தகட்டின் நுனிக்குப் பக்கத்துல குட்டி கேமரா. படம் திரையில வரும். கண்ணை வளைக்க முடியாது, கேமராவை வளைவுக்கு அந்தப் பக்கமே கொண்டு போயிடலாம். கனடாவில் ஜான் பேசி என்ற அறுவை மருத்துவர் 2001-ல் கொண்டுவந்த கிளைட்ஸ்கோப்புக்கு அப்புறம் இது வேகமாப் பரவிடுச்சு."

"அப்போ புதுசுதானே நல்லது? பேசி முடிச்சிடலாமே," என்றேன்.

சிரித்தான். "நானும் முதல் மாசம் அப்படித்தான் நினைச்சேன். திரையில வாசல் பளிச்சுனு தெரியும். குழாயைக் கொண்டு போனா முன் சுவர்ல முட்டி நிக்கும். தெரியுது, ஆனா போகமாட்டேங்குது. அந்த அவஸ்தை இருக்கே!"

ஸ்ட்ராவை வளைத்துக் காட்டினான். நேராகப் பார்க்கும் முறையில் வாசல் தெரிந்துவிட்டால் குழாய் அநேகமாக அதே நேர்கோட்டில் போய்விடும். அதிகம் வளைந்த கேமராத் தகட்டில் கண் மட்டும் வளைவைத் தாண்டிப் போயிருக்கிறது, குழாய் இன்னும் தாண்டவில்லை. அதனால் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு, தகட்டின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, வாசலில் நுனி நுழைந்ததும் கம்பியை மெல்ல உருவ வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. திரையையே பார்த்துக்கொண்டு குழாயை வாய்க்குள் தள்ளினால், திரையில் தெரியாத இடத்தில் அண்ணத்தின் பின்பகுதியைக் கிழித்துவிடலாம். அதனால் முதலில் வாயைப் பார், பிறகு திரையைப் பார், குழாயை எடுக்கும்போது மறுபடி வாயைப் பார், பிறகு திரை. மந்திரம் மாதிரி இதைச் சொல்லிக் கொடுக்கிறார்களாம்.

ரத்தமோ வாந்தியோ கேமராவில் பட்டால் திரை வெறும் சிவப்பு. பனி படர்ந்தாலும் அதே கதிதான்.

"அப்ப எதுலதான் படிக்கிறவங்க நல்லா செய்றாங்க?"

இதற்கு அவன் எண்களோடு வந்தான். 2023-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், அவசரப் பிரிவுகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் 1,417 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். குழாய் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பயிற்சியில் இருந்த டாக்டர்கள். கேமரா முறையில் முதல் முயற்சியிலேயே குழாய் சரியாகப் போனது 85.1 விழுக்காடு. நேராகப் பார்க்கும் முறையில் 70.8. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 222 ஆய்வுகளில் இருந்த 26,149 பெரியவர்களின் விவரத்தை ஒன்றாக வைத்துப் பார்த்த கோக்ரேன் ஆய்வும் கேமராவின் பக்கமே சாய்ந்தது. குழாய் போகாமல் தோற்பது அதில் குறைவு.

"ஆனா அக்கா, அமெரிக்க ஆய்வுல வந்தது உயிருக்குப் போராடுறவங்க. உங்களை மாதிரி பட்டினி கிடந்து, திட்டம் போட்டு வர்றவங்களுக்கு ரெண்டு முறையுமே பெரும்பாலும் சுலபமாப் போயிடும்."

"பின்ன எதுக்குப் பழசையும் படிக்கிறீங்க?"

அவன் சபாவில் இருந்த நாட்களைச் சொன்னான். ஒரு சின்ன மருத்துவமனை. இரவு இரண்டு மணி. மூச்சுத் திணறலோடு வந்த ஒரு முதியவர். இருந்த ஒரே கேமராக் கருவியில் சார்ஜ் இல்லை. மெக்கின்டாஷ் தகட்டைத்தான் எடுத்தான். "அன்னைக்கு எனக்கு அது தெரியாம இருந்திருந்தா?" என்று கேட்டுவிட்டு ஸ்ட்ராவைத் தட்டில் போட்டான். அம்மா அவனுக்கு இன்னொரு தோசை வைத்தார்.

ஐம்பத்தேழு பேர்

"எத்தனை தடவை செஞ்சா கை பழகும்?" என்றேன். என் கேள்வி உண்மையில், 'எத்தனை தொண்டை?' என்பதுதான்.

முதலாண்டுப் பயிற்சி டாக்டர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1998-ல் வந்திருக்கிறது. நேராகப் பார்க்கும் முறையில் பத்துக்கு ஒன்பது தடவை சரியாகப் போடும் நிலைக்கு வர, சராசரியாக 57 முயற்சிகள் ஆயின. பொம்மையில் பழகலாம், பழகத்தான் செய்கிறார்கள். ஆனால் பொம்மைக்கு எச்சில் ஊறாது, பல் ஆடாது, அதன் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாது. அந்த ஐம்பத்தேழு பேரும் யாரோ ஒருவருடைய அம்மா, யாரோ ஒருவருடைய அக்கா.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு ஊடகம் படித்து, ஒலிபரப்புக்கு இவ்வளவு நுட்பமா என்று வியந்து, பட்டத்தோடு வானொலி நிலையத்துக்குள் போனவள் நான். முதல் நேரடி நிகழ்ச்சியில் பதினோரு நொடி மௌனம். நேரடி ஒலிபரப்பில் பதினோரு நொடி என்பது ஒரு யுகம். அன்று என் பக்கத்தில் ஒரு மூத்த அறிவிப்பாளர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என் காதில் இருந்த அதே ஒலி அவர் காதிலும் இருந்தது. அவர் கை ஒலிக் கட்டுப்பாட்டின் மேலேயே இருந்தது. பன்னிரண்டாவது நொடியில் ஒரு பாட்டு மேலே வந்தது. நிகழ்ச்சி முடியும்வரை அவர் திட்டவில்லை. முடிந்ததும் நன்றாகத் திட்டினார்.

அன்றைக்கு நான் நேயர்களின் காதில்தான் பாடம் படித்தேன். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். என் மௌனத்தால் யாருக்கும் மூச்சு நிற்கவில்லை. ஆனால் தம்பி சொன்ன ஒரு விஷயம் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. பழைய முறையில், வாய்க்குள் என்ன தெரிகிறது என்பது தகட்டைப் பிடித்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் நிற்கும் நிபுணர், "என்ன தெரியுது?" என்று கேட்டு, படிக்கிறவர் சொல்வதை நம்ப வேண்டும். பயத்தில் உணவுக்குழாயைப் பார்த்தே வாசல் என்று சொல்பவர்களும் உண்டாம். கேமரா வந்த பிறகு இருவரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் பின்னால வா, இடது பக்கம் திருப்பு," என்று சொல்ல முடிகிறது. மெக்கின்டாஷ் வடிவத்திலேயே கேமரா வைத்த தகடுகளும் உண்டு. படிக்கிறவர் கண்ணால் நேராகப் பார்த்துப் போட, நிபுணர் திரையைப் பார்த்துக் காவல் காக்கிறார். பழைய முறையும் கைக்கு வருகிறது, நோயாளிக்கும் காவல் இருக்கிறது. அந்த அண்ணன் காதில் இருந்த ஹெட்ஃபோன்தான் அந்தத் திரை என்று எனக்குத் தோன்றியது.

இன்னொன்றும் சொன்னான். இங்கிலாந்தில் 2005-ல் நடந்தது. எலைன் புரோமிலி, வயது 37, இரண்டு பிள்ளைகளின் தாய். சைனஸ் பிரச்சினைக்குச் சாதாரண அறுவை. மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுப் பாதை கிடைக்கவில்லை. குழாயைப் போட்டுவிடுவது என்ற ஒரே முயற்சியில் டாக்டர்கள் மீண்டும் மீண்டும் இறங்கினார்கள். கழுத்தில் துளையிட்டுக் காற்று கொடுக்கும் கருவியைத் தாதி கொண்டுவந்து வைத்தும் அது கையில் எடுக்கப்படவில்லை. சுயநினைவு திரும்பாமலே பதின்மூன்று நாளில் அவர் இறந்துபோனார். அந்த அறையில் இருந்தவர்கள் படிக்கிற பிள்ளைகள் இல்லை. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்.

விமானியான அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி யாரையும் தண்டிக்கச் சொல்லி நிற்கவில்லை. விமான விபத்தை ஆராய்வதுபோல இதையும் ஆராய்ந்து பாடம் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். இன்று மயக்க மருந்துத் துறையில் படிப்பவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். "எங்களுக்குப் போடக் கத்துக் கொடுக்கிற அளவுக்கு, நிறுத்தவும் கத்துக் கொடுக்கிறாங்க, அக்கா," என்றான் தம்பி.

மூன்று கேள்விகள்

அறுவைக்கு முதல் நாள் வார்டில் அந்த இளம் டாக்டர் என்னைப் பார்க்க வந்தார். நான் மூன்று கேள்விகளை எழுதி வைத்திருந்தேன்.

நிபுணர் அறைக்குள்ளேயே இருப்பாரா, கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருப்பாரா? "உள்ளே, என் பக்கத்தில்."

எத்தனை முயற்சிக்குப் பிறகு கை மாறும்? "எனக்கு அதிகபட்சம் இரண்டு. பிறகு அவர்."

கேமராக் கருவி எங்கே இருக்கும்? "உங்கள் தலைமாட்டில். சார்ஜ் போட்டு."

கடைசிப் பதிலைக் கேட்டு எனக்குச் சபா ஞாபகம் வந்தது.

"நான் வானொலியில் வேலை செய்கிறேன்," என்றேன். குரல் நடுங்கியது. அவர் பாரத்தில் அதை எழுதிக்கொண்டு, வழக்கமான ஏழு மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் ஆறரை போட முடியுமா என்று நிபுணரிடம் பேசுவதாகச் சொன்னார். குழாய் சிறுத்தால் தொண்டை வலியும் குறையும். குழாயே இல்லாமல், தொண்டைக்கு மேலேயே உட்காரும் மாஸ்க் வகை போதாதா என்றும் கேட்டுப் பார்த்தேன். எத்தனையோ சின்ன அறுவைகளுக்கு அது போதும், ஆனால் இந்த அறுவையில் வயிற்றுக்குள் வாயுவை நிரப்புவார்கள், அழுத்தம் கூடும், இரைப்பையில் இருப்பது நுரையீரலுக்குப் போய்விடாமல் காக்கக் குழாய்தான் நல்லது என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். 'நிபுணரே போட வேண்டும்' என்று எழுதச் சொல்லவில்லை. அம்மாவிடம் அறுவை முடியும்வரை இதைச் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை அறுவை அறையின் குளிரில், முகத்தில் மாஸ்க் வைத்தார்கள். "ஆழமா மூச்சு இழுங்க," என்றது அதே குரல். நுரையீரல் முழுக்க ஆக்சிஜனை நிரப்பி வைப்பதற்காக அது. மூச்சு நின்ற பிறகு குழாய் உள்ளே போகும்வரை அந்தச் சேமிப்புதான் உடம்பைத் தாங்கும் என்று தம்பி சொல்லியிருந்தான். மனத்துக்குள் என் நிகழ்ச்சியின் தொடக்க வரியைச் சொல்லிப் பார்த்தேன். பாதியில் எல்லாம் போய்விட்டது.

கண் விழித்ததும் நான் செய்த முதல் காரியம், "வணக்கம்" என்று சொல்லிப் பார்த்தது. குரல் வந்தது. ஆனால் அது என் குரல் இல்லை. மணலில் தேய்த்த மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற தாதி பதிலுக்கு வணக்கம் சொன்னார்.

மாலையில் அந்த டாக்டர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் நான் சாதாரணத் தகட்டில் பார்த்தேன். மூடியின் நுனி மட்டும்தான் தெரிந்தது, குரல் நாண்கள் தெரியவில்லை. நிபுணர் வெளியிலிருந்து கழுத்தை அழுத்திக் கொடுத்தார். அப்போதும் தெரியவில்லை. கண்மூடித்தனமாகத் தள்ளிப் பார்க்காமல் நிறுத்திவிட்டேன். மறுபடி மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுத்தோம். பிறகு கேமராவை எடுத்தேன். முழுசாகத் தெரிந்தது. குழாய் போனது. நீங்கள் விடும் மூச்சில் கரியமில வாயு திரையில் வந்ததைப் பார்த்து உறுதி செய்தோம்."

"கிளினிக்கில் பார்த்தபோது சுலபம்னுதானே '2' போட்டீங்க?"

"அந்த எண் ஒரு கணிப்புதான். உள்ளே போனால் மாறலாம்."

நாக்கை நீட்டச் சொல்லும் அந்தச் சோதனைக்கு மல்லம்பட்டி என்று பெயர். ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி மல்லம்பட்டி 1985-ல் எழுதியது. எண் கூடக் கூடச் சிரமம் கூடும் என்பது கணக்கு. என் தொண்டை அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை.

அவர் ஒரு தாளைக் கொடுத்தார். அடுத்த முறை எங்கே மயக்கம் கொடுத்தாலும் இதைக் காட்டுங்கள் என்றார். சாதாரணத் தகட்டில் எனக்கு என்ன தெரிந்தது, கேமராவில் என்ன தெரிந்தது, எந்தக் குழாய், எத்தனையாவது முயற்சி என்று எல்லாம் அதில் இருந்தது. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தொண்டை வலி யாருக்கும் வருவதுதான் என்று வீட்டுக்குப் போயிருப்பேன். அடுத்த முறை யாரோ ஒரு டாக்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார்.

மூன்று நாள் பேசவில்லை. கிசுகிசுவென்று பேசுவதும் வேண்டாம், அதுவும் குரலுக்குச் சிரமம்தான் என்று சொல்லியிருந்தார்கள். கைப்பேசியில் தட்டச்சு செய்துதான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். பிறகு, "அந்தப் பொண்ணு வந்து சொல்லிச்சா? தானாவா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "நல்ல வளர்ப்பு," என்றார். அம்மாவிடம் அதற்கு மேல் ஒரு சான்றிதழ் கிடையாது.

நான்காம் நாள் பாதிக் குரல் வந்தது. பத்தாம் நாள் ஒலிபரப்பு அறைக்குத் திரும்பினேன். ஒரு நேயர் அழைத்து, "என்னம்மா, குரல்ல கொஞ்சம் கரகரப்பு?" என்று கேட்டார். காதுக்குள்ளேயே வாழ்கிறவர்களிடம் எதையும் மறைக்க முடியாது.

உங்களில் யாருக்காவது அறுவை வந்தால், அறுவை செய்யும் டாக்டரிடம் கேட்கிற அளவு கேள்விகளை மயக்க மருந்து டாக்டரிடமும் கேளுங்கள். ஆடுகிற பல், குறட்டை, முன்பு மயக்கத்தில் வந்த சிக்கல் எதையும் மறைக்காதீர்கள். குரல்தான் உங்கள் பிழைப்பு என்றால், ஆசிரியரோ, ஓதுவாரோ, பாடகரோ, அதையும் சொல்லுங்கள். படிக்கிற டாக்டர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைச் சொல்வதற்கு முன், பக்கத்தில் யார் நிற்பார், எப்போது கை மாறும் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்தப் பதில்கள் போதுமானதாக இருந்தன.

அந்தத் தாளை மடித்து அடையாள அட்டைக்குப் பின்னால் கைப்பையில் வைத்திருக்கிறேன். அந்த இளம் டாக்டர் இப்போது எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இன்னும் இரண்டு ஆண்டில் அவர் நிபுணராகிவிடுவார். அப்போது அவர் பக்கத்தில் ஒரு படிக்கிற பிள்ளை நிற்கும். "என்ன தெரியுது?" என்று அவர் கேட்பார். தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று சொல்லும் தைரியம் அந்தப் பிள்ளைக்கும் இருக்க வேண்டும்.